கம்பிக்குள் ரசம் இல்லை, அப்பா

வெள்ளிக்கிழமை மதியங்களின் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத வராமல் இல்லை. என் வேலையே அதுதான். அறந்தாங்கி டிடிபி கடையில் வாரத்துக்கு நான்கைந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களாவது நான் தட்டுகிறேன். ‘எங்கள் குலவிளக்கே’யில் ஆரம்பித்து, பேரன் பேத்திகள் பெயர்வரை அடித்து, ‘ஆழ்ந்த’வில் ‘ழ’ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து அச்சுக்கு அனுப்புவேன். உங்களுடையதை மட்டும் கடை அண்ணன் தட்டினார். அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. பார்த்தேன். திருத்தவில்லை.

இப்போது எழுதுவது ஒரு திருத்தத்துக்காகத்தான். உங்களிடம் நான் சொன்ன ஒன்று தப்பு, அப்பா. ஒரு முறை இல்லை, வருடக்கணக்காகச் சொன்னேன்.

நினைவிருக்கிறதா? நான் எட்டாவது படித்தபோது குவைத்தில் நீங்கள் குழி தோண்டும் வேலையிலிருந்து ஜாயிண்டர் வேலைக்கு மாறினீர்கள். பூமிக்கடியில் போகிற கேபிளுக்குள் தலைமுடியைப் போலக் கண்ணாடிக் கம்பிகள் இருக்கும், அவற்றின் முனைகளை ஒட்டுவதுதான் வேலை என்று, உங்கள் வார லீவான வெள்ளிக்கிழமை ஃபோனில் சொன்னீர்கள். நாம் பேசுவதெல்லாம் அதற்குள் வெளிச்சமாக ஓடுகிறது என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போதுதான் முதல்முறை கேட்டீர்கள்.

“ஏன் ஆத்தா, கண்ணாடின்னா வெளிச்சம் வெளிய வந்துரணும்ல? வளைஞ்சு வளைஞ்சு போற கம்பிக்குள்ள சிந்தாம எப்படிப் போவுது?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத் தெரிகிற வயதும் இல்லை. எதிரே சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் பின்பக்கத்து ரசம் உரிந்து கறுப்பாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“உள்பக்கம் பூரா ரசம் பூசியிருப்பாங்கப்பா. மூஞ்சி பாக்குற கண்ணாடி மாதிரி. வெளிச்சம் அதுல பட்டுப் பட்டுத் தெறிச்சுக்கிட்டே போகும்.”

நீங்கள் உடனே அறைக்குள் திரும்பி, “கேட்டீங்களாடா, எம்மக சொல்றத!” என்று கத்தினீர்கள். உங்கள் பக்கத்துக் கட்டில்காரர், மீமிசல் காளிதாஸ் மாமா, தூரத்திலிருந்து, “யாரு, நம்ம சயின்டிஸ்டா? அப்படியே இந்த ஏசி ஏன் தண்ணியா ஒழுகுதுன்னும் கேளுண்ணே!” என்றார். அறையே சிரித்தது. எனக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஆண்டு பள்ளியில் முழு அக எதிரொளிப்பு நடத்தினார்கள். அந்தப் பாடத்தின் கடைசியில் உங்கள் கம்பி இருந்தது. அதில் ரசம் என்ற பேச்சே இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் நீங்கள் லீவில் வந்து, திருவரங்குளத்துச் சித்தப்பா வீட்டிலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் “எம்மக எட்டாவதுலயே இதக் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா” என்று ரசக் கதையைப் பரப்பிவிட்டீர்கள். இத்தனை பேர் முன்னால் உங்களைப் பொய்யராக்க வேண்டாம் என்று விட்டுவிட்டதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் மானம்.

நீங்களும் விடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது, “அந்தக் கண்ணாடிக் கம்பி சங்கதிய இன்னொருக்காச் சொல்லு ஆத்தா” என்பீர்கள். உங்களுக்கு மறதி என்று நினைத்தேன். கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தபோதும், வீட்டுக்கு வந்து அதே ரசத்தைத்தான் உங்களுக்குச் சொன்னேன். முதலில் பத்து நிமிடம் சொன்னதை ஐந்தாக்கினேன், பிறகு இரண்டாக்கினேன். மற்றபடி நமக்குள் என்ன பேச்சு இருந்தது? சாப்பிட்டீங்களா, அங்க வெயிலா, அம்மா மாத்திரை போட்டாளா. நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. புத்தகத்தோடு இருந்துவிட்டால் எனக்கு ஆள் தேவையில்லை என்று ஊரே சொல்லும். நீங்கள் மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை நான் கடையில் இருந்தேன். வழக்கம்போல இரண்டரை மணிக்கு உங்கள் ஃபோன் வந்தது. ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்காரர் பக்கத்தில் நின்று, தாய்மாமன் பெயரைப் பெரிதாக்கு என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் கேட்டீர்கள்.

“ஆத்தா, அந்தக் கம்பி சங்கதிய...”

“எத்தன தடவப்பா சொல்றது? நெட்டுல போட்டுப் பாருங்க. கடையில ஆளு நிக்கிறாங்க.”

“சரி ஆத்தா. நீ வேலையப் பாரு.”

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் நீங்கள் தூங்குவதாக நினைத்தார்களாம். ஒன்பது நாள் கழித்துத் திருச்சி விமான நிலையத்தில் உங்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். அன்றிலிருந்து என் காதில் ஓடிக்கொண்டிருப்பது அந்த ‘சரி ஆத்தா’தான். அது வருத்தமா, கோபமா, வெறும் சரியா? எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தும் குரலிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் பெட்டியைக் காளிதாஸ் மாமா ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். நான்கு சட்டை, டார்ச், நாங்கள் கொடுத்துவிட்ட ஊறுகாய் பாதி. கூடவே ஒரு காலித் தண்ணீர் பாட்டில். அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில், ஆணியைச் சுடவைத்துக் குத்தியது போலச் சுத்தமான ஓர் ஓட்டை. அதன் மேல் டேப். “ஓட்டைப் பாட்டிலப் போயா கடல் தாண்டி அனுப்புவாங்க?” என்று அம்மா அழுகைக்கு நடுவிலும் கேட்டாள். தூக்கிப் போடவும் மனம் வராமல் பீரோ மேல் வைத்துவிட்டோம்.

இனி நம் வீட்டுச் செய்தி. சுவரில் உங்கள் படம் இல்லை, அப்பா. ஸ்டுடியோவில் பெரிதாக்கிய படத்தில் உங்களுக்குக் கோட்டும் டையும் மாட்டி, பின்னால் மேகத்தைப் பறக்கவிட்டு, முகத்தை வெள்ளையாக்கியிருந்தார்கள். அம்மா அதை ஒரே பார்வை பார்த்தாள். “இது யாரு வீட்டு ஆளு? வெயில்ல வெந்த மனுசனுக்குப் பவுடர் அப்பியிருக்கான்.” படம் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. விசாவுக்கு எடுத்ததில் மிஞ்சிய பாஸ்போர்ட் சைஸ் படம்தான் இப்போது ஷோகேஸில் முன்னால் நீண்டிருக்கும் கீழ்த் தட்டில் இருக்கிறது. அது நிற்காது, அதனால் படுக்க வைத்திருக்கிறாள். தினமும் காலையில் போனவர்களுக்கு வைக்கிற தண்ணீரை அதன் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் வைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் உங்களையே பார்ப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபேன் காற்றில் படம் இரண்டு தடவை பறந்து கீழே விழுந்தது. அம்மா ஒரு யோசனை செய்தாள். நீங்கள் கொண்டுவந்த, அடி தட்டையான கண்ணாடி டம்ளர்களில் ஒன்றை எடுத்துப் படத்தின் மேலேயே வைத்தாள். படமும் பறக்காது, முகமும் தெரியும். தெரியத்தான் செய்தது. செம்பிலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றினாள். உட்கார்ந்து, கையைக் கூப்பி, நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏ பாப்பா! ஒங்கப்பாவக் காணோம்டி!”

வெங்காயம் நறுக்கிய கத்தியோடு ஓடி வந்தேன். செம்பு உருண்டு கிடந்தது. டம்ளரின் அடி வெள்ளித் தகடு போல மின்னியது. அங்கே நீங்கள் இல்லை.

“தண்ணி ஊத்துறவரைக்கும் இருந்தாரு. ஊத்துனதும் போயிட்டாரு. நான் வைக்கிற தண்ணி வேணாங்குறாரு.”

“அம்மா, அது வெளிச்சத்தோட...”

“கோவம்டி. எம்மேல கோவம். ஒடம்பு முடியல, வந்துர்றேன் புள்ளன்னு ரெண்டு தடவ சொன்னாரு. இவ கல்யாணம் முடியட்டும், இன்னொரு விசா இருந்துட்டு வாங்கன்னு நாந்தான சொன்னேன். பாவி, நாந்தான சொன்னேன்.”

இது எனக்குத் தெரியாது. நீங்கள் வர நினைத்ததும் தெரியாது, என் பெயரைச் சொல்லித்தான் உங்களை அங்கே நிறுத்தினாள் என்பதும் தெரியாது. ஒரு வருடமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு குற்றத்தை ஒளித்துவைத்துக்கொண்டு ஒரே சோற்றைத் தின்றிருக்கிறோம்.

நான் என்ன சொன்னாலும், “நீ படிச்சவ, எதையாவது சொல்லி மழுப்புவ” என்றாள். அவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன்.

“மேலேருந்து பாரும்மா.”

எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கு அடியில், நீலச் சட்டையோடு, விசா அதிகாரிக்குப் பயந்த முகத்தோடு நீங்கள் இருந்தீர்கள். உட்கார்ந்தாள், இல்லை. எழுந்தாள், இருந்தீர்கள். முழங்கால் வலியை மறந்து நான்கைந்து முறை எழுந்து உட்கார்ந்தாள்.

“நின்னா இருக்காரு, ஒக்காந்தா இல்ல. என்னடி வெளயாட்டு இது?”

“படத்துலேருந்து கெளம்புற வெளிச்சம் தண்ணிக்குள்ள வந்துருதும்மா. மேல்பக்கமா வெளிய வந்துரும். பக்கத்துச் செவுத்து வழியா வர்றதுக்கு ரொம்பச் சாய்வா வந்து முட்டுது. அப்படிச் சாய்வா வந்தா வழி கெடையாது, அப்படியே முழுசாத் திரும்பி உள்ளயே போயிரும். நீ ஒக்காந்துருக்குற பக்கம் வந்து சேரல, அவ்வளவுதான். அப்பா எங்கயும் போகல.”

அவள் நம்பவில்லை. ஒரு பஸ் டிக்கெட்டைக் கொண்டுவந்து, இன்னொரு டம்ளரை அதன் மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அதுவும் காணாமல் போயிற்று. அம்மா குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“அப்ப பஸ் டிக்கெட்டுக்குமா எம்மேல கோவம்?”

என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று எனக்குத் தெரியவில்லை. நான் உங்கள் டம்ளரைத் தூக்கி, படத்தின் மேல் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, மறுபடி அதன் மேல் அழுத்தி வைத்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே உங்கள் முகம் தெரிந்தது. படத்துக்கும் டம்ளருக்கும் நடுவே இருந்த மயிரிழைக் காற்றுதான் அந்தச் சாய்வுக்குக் காரணம். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் தடை போய்விட்டது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உங்களையே பார்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

“இத ஒங்கப்பாக்கிட்ட சொல்லியிருக்கியா? அவருக்கு இதெல்லாம் கேக்கப் புடிக்குமே.”

அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அன்று மதியம்தான் பீரோ மேலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தேன். இயற்பியல் படித்தவள், ஒரு வருடம் கழித்துத்தான் அது என்னவென்று எனக்கு உறைத்தது. நம்பாமல் காளிதாஸ் மாமாவுக்கு ஃபோன் போட்டேன். லீவில் மீமிசலில்தான் இருக்கிறார்.

“அதா? அது அண்ணனோட மேஜிக்குல்ல!” என்றார். “புதுப் பயலுக எவன் ரூமுக்கு வந்தாலும் மொத வெள்ளிக்கெழம அதான் சடங்கு. பாத்ரூம் லைட்ட அமத்திட்டு, பாட்டில்ல தண்ணிய ரொப்பி, ஓட்டைக்கு நேர் எதுத்தாப்புல டார்ச்சப் புடிப்பாரு. தண்ணி வளைஞ்சு விழுகும், வெளிச்சமும் அதுகூடவே வளைஞ்சு விழுகும். ‘பாருங்கடா, தண்ணிக்கு எவன் ரசம் பூசுனான், இது மாதிரித்தான் நம்ம கம்பியும்’பாரு.”

“மாமா, கம்பிக்குள்ள ரசம் இல்லைன்னு அப்பாவுக்குத் தெரியுமா?”

“நல்லாக் கேட்ட போ. தெனம் அதத் தொடைச்சு, வெட்டி, ஒட்டுற மனுசனுக்குத் தெரியாதா? ஜாயிண்டரான ரெண்டாம் மாசமே மலையாளி போர்மேன் சொல்லிக் கொடுத்துட்டான்.”

“அப்புறம் ஏன் என்கிட்ட மாசாமாசம் கேட்டாரு?”

“நானும் கேட்டுருக்கேம்மா. ஏண்ணே, புள்ள தப்பாச் சொல்லுது, திருத்துனா என்னன்னு. ‘திருத்துனா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்டா காளி, எம்மக நிறுத்தாமப் பேசுறது இது ஒண்ணுதான்’னாரு. தப்பாச் சொன்னாலும் எம்புட்டுத் தைரியமாச் சொல்றா பாருன்னு சிரிப்பாரு.”

கடைசி வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். அன்று ஃபோனை வைத்துவிட்டு, “புள்ள வேலையில இருக்கா, அடுத்த வாரம் கேப்போம்” என்றீர்களாம். அவ்வளவுதானாம்.

அடுத்த வாரம். அந்தச் சொல்லில் கோபம் இல்லை, அப்பா. அதனாலேயே அது இன்னும் வலிக்கிறது. உங்கள் மறதி என்று நான் சலித்துக்கொண்டதெல்லாம் தனிமை என்று இப்போது தெரிகிறது. எனக்குப் பக்கத்தில் உட்கார ஆள் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடையின் பின்பக்கம் போய் நிற்கிறேன். நான் குடிக்கிற பாட்டிலைக் கண்ணுக்கு மேலே தூக்கித் தண்ணீரின் மேல்பரப்பைக் கீழிருந்து பார்க்கிறேன். வெள்ளியாகத் தெரிகிறது. அதைச் சொல்ல யாரும் இல்லை.

ஆகவே உங்களுக்கே சொல்கிறேன். உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தே சொல்கிறேன். கம்பிக்குள் ரசம் இல்லை. நடுவில் ஒரு கண்ணாடி, அதைச் சுற்றி வேறு வகைக் கண்ணாடி ஓர் உறையாக. உள்ளே இருப்பது வெளிச்சத்தைக் கொஞ்சம் மெதுவாக விடும், வெளியே இருப்பது கொஞ்சம் வேகமாக விடும். இரண்டும் தொடுகிற எல்லையில் வெளிச்சம் மிகச் சாய்வாக வந்து படும்போது முழுசாகத் திரும்பிவிடும், ஒரு பொட்டும் சிந்தாது. ரசம் பூசியிருந்தால் ஒவ்வொரு முறை படும்போதும் கொஞ்சத்தை அது தின்றுவிடும். நான் சொன்ன கம்பியாக இருந்திருந்தால், அப்பா, உங்கள் குரல் நம் தெருவுக்குக்கூட வந்து சேர்ந்திருக்காது. நீங்கள் ஒட்டியது சரியான கம்பி. அதனால்தான் அத்தனை வெள்ளிக்கிழமையும் வந்து சேர்ந்தீர்கள்.

அன்று காளிதாஸ் மாமாவிடம் பேசி ஃபோனை வைத்த கையோடு அம்மாவை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். ஜன்னலையும் கதவையும் சாத்தினேன். பாட்டிலை நிரப்பி, உங்கள் டார்ச்சைப் பிடித்து, டேப்பை உரித்தேன். ஒளிக்கம்பியாக வளைந்து விழுந்த தண்ணீரின் அடியில் அம்மா உள்ளங்கையை நீட்டினாள். அவள் கையில் ஒரு பொட்டு வெளிச்சம் நடுங்கிக்கொண்டு நின்றது.

“சுடவே இல்லியே” என்றாள்.

தண்ணீர் குறையக் குறைய வளைவு தளர்ந்து, சொட்டுச் சொட்டாக உடைந்தது. அம்மாவின் கை இருட்டாயிற்று. நான் ஜன்னலைத் திறக்கப் போனேன்.

“இருடி. இன்னொருக்கா ஊத்து” என்றாள். “எப்படிப் போவுதுன்னு இன்னொருக்காச் சொல்லு.”

சொன்னேன், அப்பா. முதலிலிருந்து சொன்னேன். நேற்றும் கேட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டதா, புரியாத மாதிரி இருக்கிறாளா என்று நான் பார்க்கவில்லை. நாளைக்கும் கேட்பாள். கடையில் எத்தனை பேர் நின்றாலும், எத்தனையாவது தடவையாக இருந்தாலும், ஒரு நிமிடம்கூடக் குறைக்காமல் அவளுக்குச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

தப்பாகச் சொன்னபோதும் முழுசாகக் கேட்டீர்களே, அந்தக் காதுக்கு,
நீங்கள் ‘ஆத்தா’ என்று கூப்பிட்ட உங்கள் ஒரே மகள்.